ஒற்றையாள் கனூ: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

கேள்வி: இரண்டு கோடையாக மடவாஸ்கா ஆற்றின் பாமர் ராப்பிட்ஸில் இருவர் கனூவில் போய்வருகிறோம். இனித் தனியாக ஒன்றை ஓட்டி அலையில் விளையாட ஆசை. எடை 78 கிலோ. பழையவற்றில் 9 அடி எஸ்கீஃப் லெட்ஜ் ஒன்றும், 11 அடி டாகர் ஒக்கோயி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை எடுக்கலாம்? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: ஒக்கோயியை எடுங்கள். விளையாட்டென்றால் குட்டைக் கனூதான் என்று பலர் நினைக்கிறார்கள். பாமருக்கு அது பொருந்தாது. அங்குள்ள அலைகள் தாழ்ந்தவை, சரிவு குறைந்தவை. அப்படிப்பட்ட அலையின் முகத்தில் நிற்க வேண்டுமானால் கனூ ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும். அந்த வேகம் நீளத்தால் வருவது. லெட்ஜ் அங்கே அலையைத் தவறவிட்டுப் பின்னால் வழுக்கிவிடும். எடியிலிருந்து, அதாவது பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி ஓடும் இடத்திலிருந்து, மறுபடி மேலேறி அலைக்குப் போகவும் நீளம் உதவும். நாளெல்லாம் ஏறி இறங்கினால் வித்தியாசம் தோளில் தெரியும். லெட்ஜின் அருமை செங்குத்தான அலையிலும் நெருங்கிய பாறைகளுக்கிடையிலும்தான்: மூக்கு புதையாது, இரண்டு வலிப்பில் திரும்பும். 2015 பான் அமெரிக்கன் போட்டியின் கனூ ஸ்லாலம் நடந்த மிண்டனில் இறங்கும் தேர்ச்சி வந்த பிறகு அதை யோசியுங்கள்.

ஒக்கோயியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் அடியும் பக்கமும் கூர்மையான மூலையாகச் சேர்கின்றன. வளைவின் உட்பக்க முழங்காலை அழுத்திச் சாய்த்தால் அந்த மூலை நீரைக் கடித்துக்கொண்டு அழகாக வளையும். எடியை விட்டு ஓட்டத்துக்குள் நுழையும்போது நீர் வந்து மோதும் மேலோட்டப் பக்கம் சாய்ந்தீர்களோ, அதே மூலையில் நீர் ஏறி உடனே கவிழ்த்துவிடும். முதல் சில நாட்களுக்கு இந்த நுழைவை மட்டுமே பழகுங்கள். உருண்ட மூலையுள்ள கனூ இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அலையில் இவ்வளவு கூர்மையாக வளையாது.

கேள்வி: பழைய ரொயலெக்ஸ் (நடுவில் நுரை வைத்து அடுக்கிய பிளாஸ்டிக்) கனூவில் எதைப் பார்த்து வாங்குவது? (அஜாக்ஸ் வாசகர்)

பதில்: ரொயலெக்ஸ் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது, ஆகவே உங்கள் கையில் வருவது பத்தாண்டுக்கு மேல் பழையதுதான். குப்புறக் கவிழ்த்து, முதலில் இரு முனைகளின் அடியையும் பாருங்கள். கல்லில் உரசுவது அங்கேதான். மேல்தோல் தேய்ந்து வேறு நிற அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். நடுவிலுள்ள நுரையே வெளியே வந்திருந்தால் வேண்டாம். பிறகு அடிப்பக்கம் முழுவதையும் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள்; ஓரிடம் மட்டும் பஞ்சுபோல் அமிழ்ந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். விளிம்புச் சட்டம் மரமானால் திருகாணிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். கடுங்குளிரில் ரொயலெக்ஸ் சுருங்குகிற அளவுக்கு மரம் சுருங்காது, அதனால் ரொயலெக்ஸ் இழுபட்டு வெடிக்கும். வாங்கிய பின்னும் பனிக்காலத்துக்கு முன் முனைப்பக்கத் திருகாணிகளைத் தளர்த்தி வையுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் மண்டியிட்டாலே கால் மரத்துப்போகிறது. சேணத்தை, அதாவது மண்டியிட்டு அமரும் நுரை இருக்கையை, மாற்றவா? (மொன்றியல் வாசகி)

பதில்: முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். நுரைச் சேணம் 7 அங்குலத்துக்குக் கீழே என்றால் கணுக்கால் மடங்கி நசுங்கும். 8 அங்குலத்தில் தொடங்கி, போதாவிட்டால் அரை அங்குலமாக உயர்த்துங்கள். உயர்த்தும் ஒவ்வொரு அரை அங்குலமும் கனூவைக் கொஞ்சம் ஆட்டும், அதனால் தேவைக்கு மேல் வேண்டாம். தொடைப்பட்டி இடுப்பு மடிப்பில் விழுந்தாலும் இரத்தம் தடைப்படும். அது தொடையின் நடுவில் படியட்டும். பட்டியை மாற்றிய ஒவ்வொரு முறையும் அமைதியான நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, தடையில்லாமல் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள்.

சேணத்தை ஒட்ட அவசரப்பட வேண்டாம். நுரைத் துண்டுகளைச் செருகித் தற்காலிகமாக நிறுத்தி, குளத்தில் ஏறி மண்டியிடுங்கள். கரையில் ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். இரு முனையும் சமமாகவோ, பின்முனை சற்றே தாழ்ந்தோ இருக்க வேண்டும். முன்முனை தாழ்ந்தால் கனூ நேராகப் போகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு அங்குலம் நகர்த்தினாலே மாற்றம் தெரியும். சரியான இடத்தைப் பென்சிலால் குறித்த பிறகுதான் பசை. பொலிஎதிலீன் கனூவென்றால் பசை பிடிக்காது, திருகாணியும் பட்டியும்தான்.

கேள்வி: கனூவுக்குள் நீர் நிரம்பாமலிருக்க வைக்கும் காற்றுப்பைகளைக் கரையில் இறுக ஊதியும் ஆற்றில் தொளதொளத்துவிடுகின்றன. ஓட்டையா? (ஒட்டாவா வாசகர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. வெயிலில் ஊதிய காற்று குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்குகிறது. இறங்கிப் பத்து நிமிடத்தில், முதல் எடியிலேயே, மறுபடி ஊதுங்கள். கரையேற்றி வெயிலில் வைக்கும்போது கொஞ்சம் காற்றை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தையல் பிரியும். பையின் மேல் கயிற்றுவலை இருக்கிறதா? விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே 4 அங்குல இடைவெளியில் துளையிட்டு, மெல்லிய நைலோன் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். கட்டாத பை, கனூ நிரம்பும் அந்த நொடியில் மிதந்து வெளியே வந்துவிடும். அது விட்ட இடத்தில் புகுவது லிட்டருக்கு ஒரு கிலோ தண்ணீர்.