முழங்கால் உட்சவ்வு அழற்சி: சத்திரசிகிச்சை தேவையா?

கேள்வி: மருதமுனையில் கைத்தறி நெய்கிறேன். வயது 51. இரண்டு வருடமாக வலது முழங்கால் வலிக்கிறது, பின்நேரமானால் வீங்குகிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம்தான் என்றும், ஸ்கேனில் உட்சவ்வு தடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். ஒருமுறை நீர் எடுத்தும் திரும்பச் சேர்ந்துவிட்டது. ஒப்பரேஷன் இல்லாமல் சுகப்படுத்தலாமா?

மருத்துவர் பதில்: சகோதரி, நீங்கள் எழுதியதைப் பார்க்கும்போது, இப்போதைக்குச் சத்திரசிகிச்சையைப் பற்றி நினைக்கத் தேவையில்லை. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, ஓயாத உரசலாலோ குருத்தெலும்பிலிருந்து உதிரும் துகள்களாலோ அழற்சியுற்றுத் தடித்து, அளவுக்கு மீறி நீரைச் சுரக்கிறது. சுரக்கும் சவ்வு ஆறாதவரை, நீரை மட்டும் எடுத்தால் அது மீண்டும் சேரவே செய்யும். நீர் கட்டிய மூட்டில் தொடையின் முன்தசை முழுமையாக இயங்காது. அது மெலிய மெலிய மூட்டின் மீது சுமை கூடி, சவ்வு மேலும் புண்படும்.

ஆகவே தொடைத் தசையை வலுப்படுத்துவதே முதற் சிகிச்சை. மல்லாந்து படுத்து, இடது காலை மடித்துவைத்து, நீட்டிய வலது காலின் தொடையை இறுக்கி, குதிக்காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, ஐந்து வினாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காலையிலும் மாலையிலும் பத்துத் தடவை செய்தால் போதும். ஆனால் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும் என்பதால், இடையில் விட்டுவிடாதீர்கள். தறியில் மிதிக்கும்போது முழங்கால் ஒடுங்கி மடியாதபடி இருக்கையைச் சற்று உயர்த்துங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள். குந்தியிருப்பதைத் தவிருங்கள். நோயுள்ளவர் கதிரையில் இருந்து தொழ இஸ்லாமிய மார்க்கத்தில் இடமுண்டு என்பதால், அதில் தயக்கம் வேண்டாம். எடை கூடியவராயின் ஒரு கிலோ குறைந்தாலும், அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் முழங்காலில் ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறையும்.

வலிக்கு டைக்ளோஃபெனக் களிம்பைப் பூசலாம். அதே மருந்தைக் குளிசையாக மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோரைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த கவலையாக இருக்கிறது. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அதனால் வரக்கூடும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி சில வாரங்களுக்கு வீக்கத்தை அடக்கும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்குவதற்கே அது உதவும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு மெலியும் என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

இவற்றுக்கு முன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு இருந்தாலோ, விரல் மூட்டுகளும் வீங்கினாலோ, அது உடலின் எதிர்ப்புச்சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. 2006இல் இலங்கையின் கிழக்கிலும் பரவிய சிக்குன்குனியாவும் சிலருக்கு நீண்டகால மூட்டுவலியை விட்டுச் செல்லும் என்பதால், முன்பு அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். முழங்கால் திடீரெனச் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.