பெஞ்சில் இருப்பவனுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

வாசகர் கேள்வி - பதில்

பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றி வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள், அங்கேயே குடியேறியவர்கள், இங்கிருந்தபடி இரவு விழித்துப் பார்ப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கே தொடங்கினாலும் எல்லோரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்காக யாரை இறக்குவது? அதனால் இந்த முறை முழுக்க அது மட்டும்.

என் மகன் டெக்சாஸில் படிக்கிறான். போன் செய்தால் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் எந்தக் குவார்ட்டர்பேக் ஆட வேண்டும் என்ற விவாதம்தான். ஒரே ஒரு இடத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஒரே ஒரு இடம் என்பதால்தான். எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்கள் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், பந்தை வாங்கி ஓடுகிறவர்களை மாற்றி மாற்றி இறக்கலாம், தற்காப்பு வரிசையில் இருக்கும் தடியர்களுக்கு நாலைந்து பிளேக்கு (பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரை ஒரு பிளே) ஒருமுறை ஓய்வு கொடுக்கலாம். குவார்ட்டர்பேக் அப்படியில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு பிளேயிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வருகிறது. கிரிக்கெட்டில் இரண்டு நல்ல விக்கெட் கீப்பர்கள் ஒரே அணியில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேயாவது ஒருவரை வெறும் பேட்ஸ்மேனாக ஆட வைக்கலாம், இங்கே அந்த வழியும் பெரும்பாலும் கிடையாது.

உங்கள் மகன் பேசுவது டெக்சாஸ் பல்கலைக்கழக அணியைப் பற்றி என்றால், 2024 சீசனை அவனிடம் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவான். முந்தைய வருடம் அணியைப் பிளேஆஃப் வரை கொண்டுபோன க்வின் யூவர்ஸ் ஒரு பக்கம். பிரபல குவார்ட்டர்பேக் ஆர்ச்சி மேனிங்கின் பேரன், அதே வேலையில் பெயர் வாங்கிய பெய்டன் மற்றும் ஈலை மேனிங்கின் அண்ணன் மகன் ஆர்ச் மேனிங் இன்னொரு பக்கம். செப்டம்பரில் யூடிஎஸ்ஏ அணியோடு ஆடும்போது யூவர்ஸுக்கு வயிற்றுத் தசையில் அடிபட்டது. உள்ளே வந்த மேனிங் நான்கு டச் டவுன் பாஸ் (எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தரும் எறிதல்) கொடுத்தார், தானே 67 யார்டு ஓடி இன்னொன்றும் போட்டார், ஆட்டம் 56-7. அன்று இரவே பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள். அக்டோபரில் ஜார்ஜியாவோடு தடுமாறியபோது யூவர்ஸைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து மேனிங்கை இறக்கினார்கள், சரிவரவில்லை, மறுபடி யூவர்ஸ், கடைசியில் 30-15 என்று தோல்வி. அந்த வருடமும் யூவர்ஸை வைத்துத்தான் அரையிறுதி வரை போனார்கள், அதை மட்டும் யாரும் முதலில் சொல்வதில்லை.

தினமும் பயிற்சியைப் பார்க்கிற கோச்சுக்குத் தெரியாததா ரசிகனுக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பெரும்பாலும் இல்லை. ஆனால் எப்போதுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பயிற்சியில் குவார்ட்டர்பேக்குகளுக்குத் தனி நிறச் சட்டை கொடுப்பார்கள். அந்தச் சட்டைக்காரரை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது என்று அர்த்தம். எதிராளி பக்கத்தில் வந்துவிட்டாலே விசில் ஊதி பிளேயை முடித்துவிடுவார்கள். காயம் படக்கூடாது என்பதற்கான ஏற்பாடு, அது நியாயமும்கூட. ஆனால் அதனால் கோச் பார்ப்பது என்ன? கை எப்படி, பந்து எவ்வளவு வேகமாகப் போகிறது, எதிரணியின் அமைப்பைப் படிக்கத் தெரிகிறதா, இவ்வளவுதான். நூற்றுமுப்பது கிலோ ஆள் மேலே வந்து விழுந்த பிறகு எழுந்து அடுத்த பந்தை எப்படி எறிகிறார், பிடித்தவர்கள் கையிலிருந்து நழுவி ஓடிப் பத்து யார்டு எடுப்பாரா, இதெல்லாம் அந்த விசிலோடு நின்றுபோகிறது. ஓடி ஆடுகிற குவார்ட்டர்பேக்குகள் பயிற்சியில் சாதாரணமாகத் தெரிந்து, ஆட்டத்தில் வேறு ஆளாக மாறுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

2014 ஒஹையோ ஸ்டேட் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் பிராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்கும் முன்பே தோளில் அடிபட்டு விலகினார். அடுத்த ஆள் ஜேடி பேரெட் பிரமாதமாக ஆடி, மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் எலும்பு முறிந்து வெளியேறினார். மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. அவர் ஆடிய அடுத்த மூன்று ஆட்டங்கள்: விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, இறுதியில் ஆரிகனை 42-20. மூன்றாம் இடத்தில் இருந்தவர் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். அப்புறம் 2015-ல் அதே ஜோன்ஸை வைத்துத் தொடங்கினார்கள், ஆட்டம் சூடு பிடிக்கவில்லை, அக்டோபரில் இடம் மறுபடி பேரெட்டுக்குப் போனது. கோச் தப்பு, ரசிகன் சரி என்று ஒரே வரியில் முடிக்க முடியாத விஷயம் இது என்று அதனால்தான் சொல்கிறேன்.

ரசிகர்கள் முழுசாகத் தவறிய கதையும் உண்டு. 2021 ஜார்ஜியா. ஸ்டெட்சன் பென்னெட் ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து சேர்ந்த பையன், நடுவில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய்த் திரும்பி வந்தவர். உயரமும் குறைவு. ஜேடி டேனியல்ஸுக்கோ பெரிய பெயர், பலமாக எறிகிற கை. டேனியல்ஸுக்குக் காயம் என்பதால் பென்னெட் உள்ளே வந்தார், வெற்றி மேல் வெற்றி, ஆனாலும் நம்ப ஆளில்லை. டிசம்பரில் அலபாமாவிடம் 41-24 என்று தோற்றதும் டேனியல்ஸைக் கொண்டு வா என்று கூச்சல் எழுந்தது. கோச் கர்பி ஸ்மார்ட் அசையவில்லை. ஜனவரியில் அதே அலபாமாவோடு இறுதி ஆட்டம். நான்காவது கால்பகுதியில் பென்னெட் பந்தைத் தவறவிட்டு ஜார்ஜியா 18-13 என்று பின்தங்கியது. அந்த நிமிடம் அந்தப் பையன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அடுத்து அவர் செய்தது 40 யார்டு டச் டவுன் பாஸ், அதன் பிறகு இன்னொரு டச் டவுன் பாஸ். 33-18. 1980-க்குப் பிறகு, 41 வருடம் காத்திருந்த பட்டம். அடுத்த வருடமும் அவரேதான் வாங்கித் தந்தார், டிசியூ அணியை 65-7.

இதையெல்லாம் பார்த்த பிறகு, "யார் கை நல்ல கை" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். யார் உள்ளே இருக்கும்போது மற்றப் பத்துப் பேரும் நன்றாக ஆடுகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

2018 ஜனவரியில் அலபாமா இறுதி ஆட்டத்தில் ஜேலன் ஹர்ட்ஸை அரைநேரத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருடமாக ஜெயித்துக் கொடுத்தவருக்குச் செய்த துரோகம் அது என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் கருத்து?

உங்கள் வருத்தம் புரிகிறது, எனக்கும் அன்று மனசு கனத்தது. தொடக்க ஆட்டக்காரராக 26 வெற்றி, 2 தோல்வி, அதுதான் அங்கே ஹர்ட்ஸின் கணக்கு. ஆனால் துரோகம் என்ற வார்த்தையோடு ஒத்துப்போக முடியவில்லை. ஜார்ஜியா 13-0 என்று முன்னால் இருந்தது, ஹர்ட்ஸ் அரைநேரம் வரை பாஸில் எடுத்தது 21 யார்டுதான். எறியாமல் அந்த ஆட்டத்தை மீட்க வழியில்லை. கோச் நிக் சேபன் முதல் வருட மாணவரான டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அந்தப் பையன் முதல் பிளேயிலேயே 16 யார்டு பின்னால் தள்ளப்பட்டு விழுந்தார். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு நகர வேண்டும் என்பது கணக்கு; இப்போது இரண்டாவது முயற்சி, போக வேண்டியது 26 யார்டு. அடுத்த பந்து டெவான்டா ஸ்மித் கைக்கு 41 யார்டு, டச் டவுன், 26-23. அந்த ஒரு பாஸை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் நான் ஹர்ட்ஸை மதிப்பது அதற்குப் பிறகு நடந்ததற்காக. அன்று ஓரத்தில் நின்று டுவாவுக்காகத் துள்ளிக் குதித்தவர் அவர். அடுத்த சீசனில் இடம் டுவாவுக்கே போனது. வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம், போகவில்லை, படித்துப் பட்டம் வாங்குகிற வரை இருந்தார். 2018 டிசம்பர், அதே அட்லாண்டா மைதானம், எதிரில் அதே ஜார்ஜியா. டுவாவுக்குக் கணுக்காலில் அடி. 28-21 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் ஹர்ட்ஸ் உள்ளே வந்து ஒரு டச் டவுன் பாஸ் கொடுத்து சமன் செய்தார், கடைசி நிமிடங்களில் தானே 15 யார்டு ஓடி 35-28 என்று ஆட்டத்தை முடித்தார். அதன்பிறகுதான் ஓக்லஹோமாவுக்குப் போனார், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் வந்தார், 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவுக்கு, தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வாங்கித் தந்து சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அன்று எடுத்த முடிவு சரி. உட்கார வைக்கப்பட்டவரும் பெரிய ஆட்டக்காரர்தான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதைத்தான் இந்தச் சண்டையில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் நல்லவர்கள் என்றால் மாற்றி மாற்றி ஆட வைத்தால் என்ன?

வேலை வேறாக இருந்தால் நடக்கும். 2006-ல் ஃப்ளோரிடாவில் கிறிஸ் லீக்தான் முதல் ஆள், முதல் வருடப் பையன் டிம் டீபோ சில பிளேக்கு மட்டும் வந்து முட்டி மோதி ஓடிவிட்டுப் போவார், பட்டமும் வாங்கினார்கள். ஆனால் இருவருக்கும் ஒரே வேலையைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் இருவருமே தோள் இறுகிப் போய் ஆடுவார்கள். ஒரு தப்பு செய்தால் இடம் போய்விடும் என்ற நினைப்போடு யார்தான் துணிந்து எறிவார்கள்?

1999-ல் மிச்சிகன் கோச் லாய்ட் கார் முதல் கால்பகுதிக்கு ஒருவர், இரண்டாவதற்கு இன்னொருவர், அரைநேரத்தில் பார்த்து யார் தொடர்வது என்று முடிவு, இப்படி வைத்திருந்தார். ஊரே கொண்டாடிய இளைஞர் ட்ரூ ஹென்சன் ஒருவர், மற்றவர் கடைசி வருட மாணவர். சீசன் நடுவில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு மூத்தவரிடமே பந்தைக் கொடுத்தார்கள். அவர் சீசன் முடிவில் ஆரஞ்சு பவுல் என்ற ஆட்டத்தில் அலபாமாவை 35-34 என்று ஜெயித்துவிட்டுப் போனார். அவர் பெயர் டாம் பிரேடி, பின்னாளில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக் என்று பலர் சொல்லும் அதே ஆள். தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற 2000-ம் வருட என்எஃப்எல் டிராஃப்டில் அவரை 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றதும் உடனே வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்களே, விசுவாசம் என்ற ஒன்று இல்லையா?

கோச்சுகள் நல்ல சம்பளம் வந்தால் நடு ஒப்பந்தத்தில் போகிறார்கள், அதை நாம் தொழில் என்கிறோம். பத்தொன்பது வயதுப் பையன் போனால் மட்டும் விசுவாசம் இல்லை என்பது சரியில்லை. ஆடக் கிடைப்பது நான்கு சீசன். பெஞ்சில் உட்கார்ந்தே காலம் போனால் அது திரும்ப வராது.

கிளெம்சனின் கெல்லி பிரையன்ட் முந்தைய வருடம் அணியைப் பிளேஆஃப் கொண்டுபோனவர். 2018-ல் நான்கு ஆட்டம் முடிந்ததும் இடத்தை டிரெவர் லாரன்ஸுக்குக் கொடுத்தார்கள். நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால் அந்த வருடம் கணக்கில் சேராது என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. அவர் அந்த வாரமே விலகி, பிறகு மிசூரிக்குப் போனார். அதே வார இறுதியில் சிராக்யூஸ் ஆட்டத்தில் லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, அடுத்து நின்ற சேஸ் பிரைஸ்தான் 94 யார்டு அணியை நகர்த்தி 27-23 என்று காப்பாற்றினார். கிளெம்சன் அந்த வருடம் 15-0 என்று பட்டம் வாங்கியது. பிரையன்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கு விதிகள் இன்னும் தளர்ந்துவிட்டன, 2021 முதல் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர்கள் பணமும் சம்பாதிக்கலாம். போகிறவரைத் தடுக்க முடியாது. இரண்டு பேரிடமும் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுவதுதான் கோச்சின் கையில் இருக்கிறது.

சொந்த மைதானத்தில், பெஞ்சில் இருக்கிற பேக்கப் ஆட்டக்காரர் பெயரைச் சொல்லிக் கத்துவது தப்பா? டிக்கெட் வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லையா?

உரிமை இருக்கிறது, செய்யாதீர்கள் என்று கேட்கிறேன். 2021-ல் ஓக்லஹோமாவில் ஸ்பென்சர் ராட்லர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, கேலப் வில்லியம்ஸ் வேண்டும் என்று சொந்த ரசிகர்களே கோஷம் போட்டார்கள். சில வாரத்தில் டல்லாஸில் டெக்சாஸ் 28-7 என்று முன்னேறியதும் வில்லியம்ஸ் வந்தார், 55-48 என்று ஜெயித்தார்கள். கத்தியவர்கள் சொன்னதுதான் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆட்டத்தில், டச் டவுனுக்குப் பிறகு வருகிற இரண்டு புள்ளி முயற்சிக்கு ஒரு நிமிடம் ராட்லரைக் கூப்பிட்டபோது அவர் முகம் சுளிக்காமல் வந்து அந்தப் பாஸைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போனார். தன்னை வேண்டாம் என்றவர்களின் அணிக்காக. அடுத்த வருடம் சவுத் கரோலினாவுக்குப் போய் டென்னசிக்கு எதிராக ஆறு டச் டவுன் பாஸ் கொடுத்தார், அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை ஆட்டம் பார்க்கும்போது எதைக் கவனித்தால் யார் தேவலை என்று தெரியும்?

யார்டு கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள், பின்தங்கிய அணிக்கு அது சும்மாவே ஏறும். மூன்றாவது முயற்சிகளைப் பாருங்கள். முதலில் குறி வைத்த ரிசீவரை எதிரணி மூடிவிட்டால் கால் பதறுகிறதா, இல்லை நின்று அடுத்த ஆளைத் தேடுகிறாரா? எதிரணி பந்தைப் பிடித்துக்கொள்கிற இன்டர்செப்ஷன் என்றால், ரிசீவர் தப்பான பக்கம் ஓடினாரா என்று ரீப்ளேயில் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். அப்புறம், அந்த இன்டர்செப்ஷனுக்கு அடுத்து பந்து கைக்கு வரும்போது முதல் இரண்டு பாஸ் எப்படிப் போகிறது என்று மட்டும் பாருங்கள். நான் ஆட்டம் பார்ப்பதே பெரும்பாலும் அந்த இரண்டு பாஸுக்காகத்தான்.