பிபிஏ ஃப்ரீ, சரி... உள்ளே வேறு என்ன இருக்கிறது?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பிபிஏ, அதாவது பிஸ்பீனால் ஏ, அதன் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற பிஸ்பீனால்கள் பற்றியவை. பிபிஏ சில வகை பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருள், உடலில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யக்கூடியது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

குழந்தைக்கு 'பிபிஏ ஃப்ரீ' பால் பாட்டில்தான் வாங்கினேன். அதிலும் வேறு பிஸ்பீனால் இருக்கும் என்கிறார்களே?

பாட்டிலைக் கவிழ்த்து அடியில் என்ன எண் என்று பாருங்கள். 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன். கொஞ்சம் மங்கலாக இருக்கும், அதைச் செய்ய எந்த பிஸ்பீனாலும் தேவையில்லை. தேன் நிறத்தில் பளபளவென்று இன்னொரு வகை உண்டு, அது பாலிஈதர்சல்போன், அதன் மூலப்பொருளே பிஸ்பீனால் எஸ், சுருக்கமாக பிபிஎஸ். அதன் மேல் 'பிபிஏ ஃப்ரீ' என்று எழுதினால் பொய்யில்லை, ஆனால் முழு விவரமும் இல்லை. அதிலிருந்து பாலில் கசிவது குறைவு என்றுதான் சோதனைகளில் வந்திருக்கிறது, அதனால் பதறித் தூக்கிப்போட வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது கண்ணாடியோ எவர்சில்வரோ பாருங்கள்.

பிபிஎஸ் உண்மையிலேயே பிபிஏ அளவுக்கு மோசமா? இல்லை, சும்மா பயமுறுத்துகிறீர்களா?

பயமுறுத்தவில்லை. ஆனால் இதைப் பாதுகாப்பான மாற்று என்று சொல்லவும் ஆதாரம் கிடையாது. இரண்டுமே ஏறக்குறைய ஒரே அமைப்பு: இரு பக்கமும் ஒவ்வொரு பீனால் வளையம், நடுவில் ஓர் இணைப்பு. பிபிஏ-வில் அந்த இணைப்பு கார்பன், பிபிஎஸ்-ஸில் கந்தகம். உடலிலுள்ள ஈஸ்ட்ரஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், முக்கியமாகக் கவனிப்பது அந்தப் பீனால் முனைகளைத்தான், நடுவில் இருப்பதை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதுவரை வந்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தபோது பிபிஎஸ், பிபிஎஃப் (பிஸ்பீனால் எஃப்) இரண்டின் ஹார்மோன் வேலையும் பிபிஏ-வுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இதில் எனக்கு மறக்கவே முடியாதது அமெரிக்க மரபியலாளர் பாட்ரிசியா ஹன்ட்டின் எலிக்கூண்டு சமாச்சாரம். 1998-ல் அவருடைய ஆய்வகத்தில் எந்த மருந்தும் கொடுக்காத எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் கூடின. துருவிப் பார்த்தால், யாரோ தவறான, காரத்தன்மை கூடிய சோப்பு போட்டுக் கழுவியதில், பிபிஏ-விலிருந்து செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கூண்டுகள் அரித்துப்போய் பிபிஏ கசிந்திருக்கிறது. கூண்டையே மாற்றி பாலிசல்போன் என்ற வேறு பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அதே கோளாறு மறுபடி தலைகாட்டியது. இந்த முறை சேதமான கூண்டுகளிலிருந்து கசிந்தது பெரும்பாலும் பிபிஎஸ். 2018-ல் அதையும் வெளியிட்டார்கள். யாரும் திட்டமிடாமலே, பழைய பொருள், மாற்றுப் பொருள் இரண்டுக்கும் ஒரே ஆய்வகத்தில் பரிசோதனை நடந்துவிட்டது!

இன்னொன்று, வாய்வழியாகப் போகும் பிபிஏ-வின் பெரும்பகுதியை ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே குடலும் ஈரலும் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. பிபிஎஸ் அவ்வளவு லேசில் மாட்டுவதில்லை. 2019-ல் பன்றிக்குட்டிகளில் ஒரே அளவு கொடுத்துப் பார்த்ததில், செயலிழக்காத பிபிஎஸ் ரத்தத்தில் பிபிஏ-வைவிட சுமார் 250 மடங்கு அதிகம் சேர்ந்திருந்தது. மனிதர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் புள்ளிவிவரத் தொடர்புகள்தான் கைவசம் இருக்கின்றன. சிறுநீரில் பிபிஎஸ் அதிகமிருந்த அமெரிக்கச் சிறுவர்களிடம் உடல் பருமனும் கூடுதல் என்று ஓர் ஆய்வு உண்டு, ஆனால் பாக்கெட் உணவு நிறையச் சாப்பிடும் பிள்ளைக்கு இரண்டுமே கூடத்தான் செய்யும், எதனால் எது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஜவுளிக்கடையில் பில்லிங் கவுன்டரில் இருக்கிறேன். நான்கு மாதக் கர்ப்பம். பில் பேப்பரைத் தொடுவது ஆபத்தா?

நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிறதா? அப்படியானால் அது தெர்மல் பேப்பர், மையில்லாமல் சூட்டால் எழுத்து வரும் காகிதம். அதன் பூச்சில் பிபிஏ அல்லது பிபிஎஸ் எதனோடும் பிணைக்கப்படாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், எடையில் 1 முதல் 2 சதவீதம் வரைகூட, அதனால் தொட்டதும் விரலில் ஒட்டிக்கொள்ளும். சானிடைசரோ ஹேண்ட் க்ரீமோ தடவிய ஈரம் காயாத கையோடு தொட்டால் தோல் வழியாக உள்ளே போவது நன்றாகவே கூடுகிறது, அதை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். பில்லைப் பல்லில் கவ்வாதீர்கள், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், முடிந்தால் நைட்ரைல் கையுறை கேளுங்கள். முதலாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேட்பதில் தப்பே இல்லை. தோல் வழியாக பிபிஎஸ் புகுவது பிபிஏ-வைவிடக் குறைவு, அது ஒரு சின்ன ஆறுதல்.

ஐரோப்பாவில் 2020 ஜனவரியில் பில் பேப்பரில் பிபிஏ-வைத் தடுத்ததும் காகித நிறுவனங்கள் பல பிபிஎஸ்-ஸுக்குத் தாவிவிட்டன. சுவிட்சர்லாந்து மட்டும் சுதாரித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே தடுத்தது.

20 லிட்டர் வாட்டர் கேன், ட்ரைட்டான் பாட்டில், சாதாரண மினரல் வாட்டர் பாட்டில், எதில் பிபிஏ உண்டு?

கடினமான, நீல நிறத்தில் ஊடுருவிப் பார்க்க முடிகிற கேன் பெரும்பாலும் பாலிகார்பனேட், அடியில் 7 என்றிருக்கும். அது பிபிஏ-விலிருந்து செய்வது. 2009-ல் ஹார்வர்டு மாணவர்கள் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்கள் குடித்ததற்கே சிறுநீரில் பிபிஏ 69 சதவீதம் ஏறியது. சூடானால் கசிவு இன்னும் கூடும், நம் ஊரிலோ கேன் லோடு ஆட்டோவில் நாள் முழுக்க வெயில் காய்கிறது. கீறல் விழுந்து மங்கிப்போன கேனைத் திருப்பி அனுப்புங்கள், வந்ததும் தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் ஊற்றி வைத்துவிடுங்கள்.

மினரல் வாட்டர் பாட்டில் பெட் (PET) பிளாஸ்டிக், எண் 1, அதைச் செய்ய பிபிஏ தேவையில்லை. ட்ரைட்டான் என்ற பிளாஸ்டிக்கும் பிஸ்பீனால் குடும்பமே அல்ல. ஆனால் அதன் அடியிலும் 7 என்றே இருக்கும், 'மற்றவை' எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான்.

அரசாங்கங்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கின்றன?

2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் ஏற்கத்தக்க பிபிஏ அளவை 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக இறக்கியது (ஒரு மைக்ரோகிராம் என்பது 1,000 நானோகிராம்). அதாவது 20,000 மடங்கு! ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல் 200 நானோகிராம் போதும் என்கிறது. ஒரே தரவு, வேறு வேறு கணக்கு. எனக்கு ஜெர்மனியின் வாதத்திலும் நியாயம் தெரிகிறது, ஆனால் அவர்களுடைய எண்ணே பழைய அளவைவிட 20 மடங்கு குறைவு என்பதைக் கவனியுங்கள். 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், உணவைத் தொடும் பொருள்களில் பிபிஏ-வோடு, ஆபத்தானவை என்று வகைப்படுத்திய மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆற்றுக்கும் மீனுக்கும் என்ன ஆகும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி. ஆக்ஸிஜன் உள்ள ஆற்று நீரில் பிபிஏ-வை நுண்ணுயிரிகள் சில நாள்களில் தின்றுவிடும். பிபிஎஸ் ஆற்று நீர்ச் சோதனையிலும் கடல் நீர்ச் சோதனையிலும் அசையவே இல்லை. அது நீரில் எளிதாகக் கரையும் என்பதால் கழிவுநீர்ச் சேற்றில் ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரோடு போய்விடும். ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா ஆற்று நீரை ஒப்பிட்டு 2015-ல் வந்த ஆய்வில், நம் அடையாற்றில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் அளவுக்கு பிபிஎஸ் இருந்தது. பில் பேப்பர் மட்டும் இல்லை, தோல் பதனிடும் ரசாயனங்களிலும் சாயம் பிடிக்கவைக்கும் பொருள்களிலும் பிபிஎஸ் உண்டு. பழைய பில்களைப் பேப்பர்காரருக்குப் போடும் கட்டில் சேர்க்காதீர்கள், மறுசுழற்சியில் டிஷ்யூ பேப்பர் வரைக்கும் போய்விடும். பிபிஏஎஃப் என்று இன்னொரு பிஸ்பீனால் இருக்கிறது, அதில் ஃப்ளோரின் வேறு, சிதைவதற்கு இன்னும் அடம்பிடிக்கும்.

கடுகிலேயே பிபிஎஃப் இருக்கிறதாமே?

சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தது வெள்ளைக் கடுகை அரைத்துச் செய்யும் மஞ்சள் கடுகு விழுதில். அந்த விதையிலுள்ள சினால்பின் என்ற பொருள் சிதையும்போது பிபிஎஃப் தானாகவே உருவாகிறது. நாம் தாளிக்கும் கடுகில் முக்கியமாக இருப்பவை சினிக்ரின் போன்ற வேறு பொருள்கள். தைரியமாகத் தாளியுங்கள்.

சிறுநீரில் பிபிஏ டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். சில மணி நேரத்தில் ஏறி இறங்கும் அளவு அது, ஒரு நாள் எண்ணை வைத்து எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது.