பல வருஷம் முன் எழுதிய ரசிகர் புனைவுக்கு (பிடித்த படம், நாவலின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) இப்போது விமர்சனம் வருகிறது. எப்படி எடுத்துக்கொள்வது?

உங்களுக்குத்தான் அது பழைய கதை. படிப்பவருக்கு இன்றைக்குப் புதுசு. நடை, எழுத்துப்பிழை பற்றிய குறை என்றால் ஒரு நன்றியோடு விட்டுவிடலாம், உட்கார்ந்து திருத்த வேண்டியதில்லை. (நான் ஒருமுறை திருத்தப்போய், அதிலிருந்த துள்ளலையே தொலைத்தேன்.)

ஆனால் யாரையோ இழிவாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று சொன்னால், 'அப்போ சின்ன வயசு' என்பது பதிலாகாது. எழுதிய ஆண்டையும் இப்போதைய உங்கள் எண்ணத்தையும் கதைக்கு மேலே குறிப்பாகப் போடுங்கள்.

கூச்சம் தாங்கவில்லையா? உடனே அழிக்காதீர்கள். ரசிகர் புனைவுகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் இணையதளத்தில் கதை இருந்தால், அங்கே 'ஆர்ஃபன்' என்றொரு வசதி உண்டு. கதை அங்கேயே இருக்கும், உங்கள் பெயர் மட்டும் நீங்கிவிடும். செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஓரிரு நாள் ஆறப்போட்டுச் செய்யுங்கள்.