நாய் சுருண்டு படுத்துவிட்டால் காலை வரை பொறுக்கலாமா?

"நாட்டு நாய், நாலு வயசு. நேற்றிலிருந்து எதுவும் தின்னவில்லை, மூலையிலேயே கிடக்கிறது. ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, விடிந்ததும் போனால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. கடலூர் செம்மண்டலத்தில் சின்ன வயதிலிருந்தே நாய்களோடு வளர்ந்தவன். தெருவில் எந்த நாய்க்கு என்ன வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தின்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தெம்பான பெரிய நாய் ஒரு நாள் தட்டைத் தொடாமல் விடுவது சாதாரணம். பக்கத்துத் தெருவில் பெட்டை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்திருந்தால்கூட ஆண் நாய் பட்டினி கிடக்கும். உள்ளுக்குள் ரத்தம் கசியும் நாயோ, பிஸ்கட்டை நீட்டினால் வாங்கித் தின்றுவிடும். நம் வீடுகளில் "நேத்து தயிர் சாதம் சாப்பிட்டுச்சே" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த நிம்மதியை நான் நம்புவதில்லை.

முதலில் ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கினால் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளையாக, நீலமாக, மஞ்சளாக, அல்லது செங்கல் மாதிரி அடர்சிவப்பாக இருந்தால் மணி எத்தனை என்று பார்க்காமல் கிளம்புங்கள். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும்போதே இதை ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டால்தான் வித்தியாசம் தெரியும்.

ஈறுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரக் காரணம் உண்ணிக் காய்ச்சல். நம் கடலோர வெக்கைக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கிறது. எர்லிகியா, பேபீசியா என்ற இரண்டு கிருமிகளும் அதன் வழியாகத்தான் வருகின்றன. எர்லிகியா ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும்: மூக்கில் ரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். பேபீசியா சிவப்பணுக்களை உடைக்கும்: சிறுநீர் டிக்காக்‌ஷன் நிறத்தில் போகும். "உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லையே" என்பார்கள். கடித்த உண்ணி உதிர்ந்து போய் ஒன்றிரண்டு வாரம் கழித்தும் காய்ச்சல் வரும். நாய் சோர்வாக இருக்கிறது, லேசாகச் சுடுகிறது, ஆனால் ஈறு இளஞ்சிவப்பாகவே இருக்கிறது என்றால் காலையில் முதல் ஆளாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகிவிடும். வெளுத்துப் போய்விட்டால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். ராத்திரியில் நாய்க்கு ரத்தம் கொடுக்க இன்னொரு நாயைத் தேடும் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சூடு என்றதும் ஒன்று. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 104-ஐத் தாண்டினால் அன்றே டாக்டர். 99-க்குக் கீழே இறங்கினால் அது இன்னும் மோசம்.

அடுத்தது மூச்சு. படுத்திருக்கும்போது நெஞ்சு எழுவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். வெயிலில் ஓடாமலே 40-க்கு மேல் போனாலோ, கழுத்தை நீட்டிக்கொண்டு படுக்க முடியாமல் நின்றாலோ காத்திருக்கக் கூடாது. மே மாதத்தில் பக் மாதிரி சப்பை மூக்கு நாய் இப்படி இரைத்தால் பெரும்பாலும் வெப்பத்தாக்குதான். குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.

இவை எதுவும் பார்க்காமலே ஓட வேண்டிய சில உண்டு. பெரிய சாதி நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குச் சில மணி நேரம்தான் அவகாசம். கருத்தடை செய்யாத பெட்டை, ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சோர்ந்துபோய்க் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கலாம். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியோடு ரத்தமாகப் பேதியானால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஒரு ராத்திரி என்பது ரொம்பப் பெரிய நேரம். ஆண் நாய் முக்கியும் சிறுநீர் வராதது, வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, எலி மருந்தில் வாய் வைத்தது எல்லாமே இந்தக் கணக்குதான். எலி மருந்தில் சில வகை நாலைந்து நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவில் காட்டும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல், கவரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம் பக்கத்துக்கே உரியவையும் சில. சில்வர் பீச்சிலும் மீனவர் குப்பங்களிலும் வலையிலிருந்து உதறிப்போட்ட, விஷமுள்ள பேத்தை மீனைத் தின்ற நாய்க்குக் கால் தடுமாறி, மூச்சே நின்றுவிடலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி மூழ்கியதே, அப்படி வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வரும். ஈறும் கண்ணும் மஞ்சளானால் அதுவாக இருக்கலாம். அது நமக்கும் ஒட்டும் என்பதால் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள். திடீரென்று முகம் வீங்கினால் விரியன் கடியாகவும் இருக்கலாம். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். கிளம்பும் முன் போன் செய்து விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்து "எலும்பு சிக்கியிருக்கு" என்று வாயில் கை விடுவது நம் ஊர் வழக்கம். அது வெறிநோயாக இருந்தால் கை விட்டவர் கதி என்ன? தயவுசெய்து வேண்டாம்.

வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், புரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். முதலாவது நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இரண்டாவது வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தில் கை வைக்கும்.

காலை வரை பொறுப்பதா என்பதில் தூரத்துக்கும் பங்கு உண்டு. அரசுக் கால்நடை மருத்துவமனை பொதுவாகப் பகலில்தான். ஸ்கேன், ஆபரேஷன் என்றால் கடலூர்க்காரர்கள் பலரும் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் வழியில் உள்ள அரியாங்குப்பத்தைக் கடக்கவே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ராத்திரி பத்து மணிக்குச் சந்தேகமாக இருப்பதை ஏழு மணிக்கே சந்தேகப்படுங்கள். ராத்திரியில் போனை எடுக்கிற டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

உங்கள் நாய் கூப்பிட்டால் எழுந்து வந்து, தண்ணீர் குடித்து, ஈறும் மூச்சும் சரியாக இருந்தால் விடியட்டும். நடுவில் இரண்டு தடவை எழுந்து பாருங்கள். எழவே மாட்டேன் என்றால் இப்போதே கிளம்புங்கள். தூக்கும்போது கவனம், வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். பழைய துப்பட்டாவால் வாயைக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் கட்டக் கூடாது.