இணைய வணிகம் கட்டுமானத் துறையை எவ்வாறு பாதிக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர், சிமென்டும் கம்பியும் இனி இணையத்திலேயே வாங்கிவிடலாமா என்பதை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். கட்டடப் பணிகளை மேற்பார்வை செய்துவரும் எனக்கோ, பொருளை எப்படி வாங்குகிறோம் என்பதைவிட எதைக் கட்டுகிறோம் என்பதில்தான் அதன் தாக்கம் பெரிதாகத் தெரிகிறது.

மணல், ஜல்லி, செங்கல் ஆகியவை எடை மிகுந்தவை, விலை குறைந்தவை. தொலைவு கூடக் கூட வண்டி வாடகையே பொருளின் விலையை எட்டிவிடும். ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை, கலந்ததிலிருந்து சுமார் 90 நிமிடங்களுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை என்பதால், ஆர்டர் செல்பேசியில் போனாலும் ஆலை பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். துளையிடும் கருவி, வெட்டுத் தகடு, சுவிட்ச், பூட்டு, குழாய் போன்றவைதான் இணையத்துக்கு ஏற்றவை. அவற்றின் விலையை இன்று வீட்டு உரிமையாளரே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவதால், பொருளின் விலையில் லாபத்தை மறைத்து வைத்திருந்த ஒப்பந்ததாரர் அதை மேற்பார்வைக் கட்டணமாக வெளிப்படையாகக் கேட்க வேண்டியதாகிறது. இது நல்லதே. ஆனால் கடன் கொடுத்து, மிஞ்சியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வியாபாரியின் இடத்தை இணையம் இன்னும் முழுமையாக நிரப்பிவிடவில்லை.

ஒரு வேலையில் இரண்டு பெட்டி டைல்ஸ் குறைந்ததால், அதே பெயர், அதே மாதிரி எண் பார்த்து இணையத்தில் வரவழைத்தோம். ஒட்டிய மறுநாள், சன்னல் வெளிச்சம் பட்டபோது, அறையின் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் சற்று மஞ்சளாகத் தெரிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த சாயல் எண் வேறாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பட்டையைப் பெயர்த்தெடுத்த கூலி, இணையத்தில் மிச்சப்படுத்தியதைவிட அதிகம்.

பெரிய மாற்றம் கிடங்குகளில் நடக்கிறது. கடையில் அடுக்கி வைத்த சரக்கு கிடங்குக்கு இடம்பெயர, 10 முதல் 12 மீட்டர் வரை உள்ளுயரம் கொண்ட கட்டடங்களுக்குத் தேவை பெருகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் தகரக் கொட்டகைதான். கடினமான வேலை தரையில் இருக்கிறது. குறுகிய சந்துகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சரக்கு தூக்கும் வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருந்து, ஒரு பக்கத் தரை 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், 10 மீட்டர் உயரத்தில் அதன் தூக்குக் கம்பத்தின் நுனி 20 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கும். வீட்டுத் தளத்தில் யாரும் பொருட்படுத்தாத அந்த 3 மில்லிமீட்டர், அங்கே சரக்கை அடுக்குச் சட்டத்தில் மோதவைத்துவிடும். கான்கிரீட் இறுகும்போது தாறுமாறாக வெடிக்காமலிருக்க தளத்தில் கோடுபோல் வெட்டிவிடும் இணைப்புகளின் விளிம்புகளையும், நாள் முழுதும் ஓடும் சிறிய, கடினமான சக்கரங்கள் உடைத்துக்கொண்டே இருக்கும். இணைப்புகளைக் குறைப்பதற்காக எஃகு இழைகள் கலந்த கான்கிரீட்டைப் பயன்படுத்துவதும், தளம் போட்ட கையோடு மட்டத்தைக் கருவிகொண்டு அளந்து பதிவு செய்வதும் இதனால்தான். இவ்வளவு துல்லியமாகத் தளம் போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. என் அனுபவத்தில், கிடங்கு வேலைகள் தாமதமாவதற்குப் பொருள் தட்டுப்பாட்டைவிட இந்த ஆள் தட்டுப்பாடே அடிக்கடி காரணமாகிறது.

இதன் மறுபக்கமாக, புதிய கடை வளாகங்கள் கட்டும் வேலை பல இடங்களில் சுருங்கி, பழைய வளாகங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் வேலை வருகிறது. அடுக்குமாடி வரைபடங்களில்கூட இது தெரிகிறது: நுழைவாயில் அருகே பொட்டலங்கள் வைக்க ஓர் அறையும், விநியோக வண்டி பாதையை மறிக்காமல் நிற்க இடமும் இப்போது முதலிலேயே கேட்கிறார்கள். இடம் விடாமல் கட்டி முடித்த கட்டடங்களில், காவலாளியின் அறைதான் பொட்டல அறையாகிறது.