செம்பருத்தி, இட்லிப்பூவில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, மருந்து அடித்தும் ஏன் போவதில்லை?

கேள்வியின் சுருக்கம்: தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு. வாசலில் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ். இலையிலும் கொழுந்திலும் வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருக்கிறது, கீழ் இலைகள் கரி பூசியது போல் இருக்கின்றன. உரக்கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தும் பலனில்லை.

மருந்தின் பெயரைத் தேடும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். "வெள்ளை" என்று நீங்கள் சொல்வது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அந்த மூன்றில் ஒன்று நம் கட்சி.

கொழுந்து நுனியிலும், மொட்டின் காம்பிலும், இலை கிளையோடு சேரும் கக்கத்திலும் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் அது மாவுப்பூச்சி. கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். ஒரு குச்சியால் பஞ்சை விலக்கி ஒன்றை வெள்ளைத் தாளில் நசுக்குங்கள். மஞ்சளாகக் கறை விழுந்தால் பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சி. ரோஜா நிறமாக வந்து, கொழுந்தும் சுருண்டு முண்டு முண்டாகக் குமிந்திருந்தால் செம்பருத்தியின் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. இரண்டாவது வகை பிடித்த கொழுந்து மருந்தால் நிமிராது. அதை வெட்டத்தான் வேண்டும்.

கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையின் அடிப்பக்கம் கோலம் போட்டது போல் மெழுகு வட்டங்கள் இருந்து, கிளையை உலுக்கினால் குட்டி வெள்ளை ஈக்கள் எழுந்து பறந்தால் அது சுருள் வெள்ளை ஈ.

மூன்றாவதுதான் நம் கட்சி. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் அதே வெள்ளை நூல்களோடு, ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக ஒன்று ஊர்ந்தால் உற்றுப் பாருங்கள். குச்சியால் தொட்டதும் விறுவிறுவென ஓடினால் அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி அசையவே யோசிக்கும். இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும். வண்டானபின் உடல் கருப்பாகவும் தலைப்பக்கம் ஆரஞ்சாகவும் இருக்கும். மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்பதே இதன் வேலை. இதைத்தான் பலர் "பெரிய மாவுப்பூச்சி" என்று நினைத்து முதலில் கொல்கிறார்கள்.

இலையில் உமி போலக் காய்ந்த, பழுப்பேறிய மாவுப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஊசிக்குத்து அளவு வட்டத் துளை இருந்தால் இன்னும் நல்லது. அது பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய தடம். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் அழித்தது. 2010இல் இறக்குமதி செய்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி உங்கள் செம்பருத்தியில் வேலை பார்க்கும்போது அதன் தலையில் விஷத்தை ஊற்றினால், குளவிதான் முதலில் சாகும். மாவுப்பூச்சிக்கு மெழுகுச் சட்டை இருக்கிறது, குளவிக்கு இல்லை. அடித்த மருந்து ஏன் பலிக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, எறும்பு. சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் தண்ணீரை எறும்பு குடிக்கிறது. பதிலுக்குப் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பு ஏறும் செடியில் எந்த மருந்தும் பாதிதான் கேட்கும். தண்டில் அகல டேப்பையோ பாலிதீன் தாளையோ இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். நேராகப் பட்டையில் தடவினால் பட்டை வெந்துவிடும். செடியின் ஒரு கிளைகூடச் சுவரிலோ கொடிக்கயிற்றிலோ படக்கூடாது, அந்த ஒரு பாலம் போதும் எறும்புக்கு. புற்றையே ஒழிக்க, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம் (போராக்ஸ்) 10 கிராம், சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர் கலந்து பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட டப்பாவில் வையுங்கள். வெங்காரத்தைக் கூட்டிப் போடாதீர்கள். வேகமாகச் செத்தால் எறும்பு அதைப் புற்றுக்குக் கொண்டுபோகாது. குழந்தையும் நாயும் எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இனி செய்முறை. அதிகம் பிடித்த நுனிகளை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, அந்த இடத்திலேயே பாலிதீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். நம் பக்கத்தில் செய்யும் தப்பு, வெட்டியதை வாய்க்காலில் வீசுவது. மாவுப்பூச்சி தண்ணீரில் மிதந்துபோய் அடுத்த வீட்டுக் கொல்லையில் ஏறும். வெட்டியபின் ஹோஸ் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பாதிப் பூச்சி இதிலேயே விழுந்துவிடும். மறுநாள் சாயங்காலம் மருந்து.

1 லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி. எண்ணெயையும் சோப்பையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் பால்போல் ஆகும்வரை அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீர் சேருங்கள். தண்ணீரில் எண்ணெயை நேரே ஊற்றினால் மேலே மிதக்கும். கடைசியில் டாங்கின் அடியில் மிஞ்சும் கெட்டி எண்ணெய் ஒரு கிளையின் இலையையெல்லாம் சுட்டுவிடும். துணி சோப்புத்தூள் வேண்டாம், கொழுந்து கருகும்.

கடலோர டெல்டாக்காரர்களுக்கு ஒரு சங்கதி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. அதில் சோப்பு கரையாமல் வெள்ளைத் திட்டாகத் திரண்டு எண்ணெயைப் பிரித்துவிடும். கலக்கியதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. மழைத் தண்ணீரோ வடிகட்டிய ஆற்றுத் தண்ணீரோ பிடியுங்கள்.

தெளிக்கும்போது நாசிலை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடிக்க வேண்டும். நான்கைந்து அடி உயரச் செடிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் செலவாகும். இலை நுனியில் சொட்டினால்தான் போதும் என்று அர்த்தம். 7 நாள் இடைவெளியில் மூன்று தடவை. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைக்கு எதுவும் எட்டாது. பொரித்து வெளிவரும் குஞ்சுகளைப் பிடிப்பதற்குத்தான் இந்த மூன்று தடவை. இரண்டோடு நிறுத்தியதும் உங்களுக்குப் பலனில்லாமல் போனதற்கு ஒரு காரணம். வேப்பெண்ணெய்க்குப் பதில் மீன் எண்ணெய் சோப்பு 25 கிராம் ஒரு லிட்டருக்கு என்றும் அடிக்கலாம், நாற்றம் இரண்டு நாள் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சியைத் தாக்கும் லெக்கானிசீலியம் பூஞ்சாணப் பொடி 5 கிராம் ஒரு லிட்டருக்கு நன்றாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் அது வீண் செலவு.

ரசாயனம்தான் வேண்டும் என்றால், மேற்சொன்னதெல்லாம் செய்து மூன்று வாரம் கழித்தும் அடங்காத செடிக்கு மட்டும், இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல், ஒரு லிட்டருக்கு 0.3 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், ஊசி நீக்கிய சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். பூ இருக்கும்போது அடிக்கக்கூடாது, தேனீ சாகும். செம்பருத்திப் பூவை எண்ணெய் காய்ச்சவோ கஷாயத்துக்கோ பறிக்கும் வீடாக இருந்தால் அந்தச் செடிக்கு இது வேண்டவே வேண்டாம். கடையில் மூன்று மருந்தை ஒரே டாங்கில் கலந்து தருவார்கள், வாங்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து காய்கறிக்கு 2005லேயே தடை செய்யப்பட்டது. வாசலில் குழந்தை விளையாடும் செடிக்கு அதை நினைக்கவே கூடாது.

இலை கருப்பது தனி நோயல்ல. பூச்சி கழித்த இனிப்பின் மேல் வளரும் கரும்பூசணம் அது. கருப்பிருக்கும் செடியில் பூச்சியே காணோம் என்றால் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். தென்னை நிற்கிறதா? 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இன்று டெல்டாத் தென்னையிலும் உண்டு. மட்டையிலிருந்து சொட்டுவது கீழே உள்ள குரோட்டன்ஸ், வாழை, துளசி எல்லாவற்றின் மேலும் விழும். அப்போது குரோட்டன்ஸுக்கு மருந்தடிப்பது பக்கத்து வீட்டுக்காரனின் காய்ச்சலுக்கு நம் மாத்திரையை விழுங்குவது போல. மைதா 25 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆறியதும் தெளியுங்கள். காய்ந்து கருப்போடு சேர்ந்து செதிலாக உரியும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். தென்னையின் வெள்ளை ஈக்கும் விஷம் அடிப்பதில்லை; என்கார்சியா என்ற குளவியே அதைத் தின்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம்.

இட்லிப்பூவின் தண்டிலும் இலை நரம்பு ஓரத்திலும் பச்சை அல்லது பழுப்பு மச்சம் போல ஒட்டியிருப்பது செதில் பூச்சி. நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும். வராவிட்டால் அது மச்சம்தான், விட்டுவிடுங்கள். கொஞ்சமாக இருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

அரளியின் நுனியில் மஞ்சள் உடம்பும் கருங்கால்களுமாக மொய்ப்பது அசுவினி. எருக்கிலும் அதேதான். தண்ணீர் பீய்ச்சலுக்கே உதிர்ந்துவிடும்.

நந்தியாவட்டையில் ஒரே ராத்திரியில் இலை மொட்டையாகி, அடியில் மிளகளவு எச்சம் கிடந்தால், விரல் தண்டிப் பச்சைப் புழு ஒன்று மேலே இருக்கிறது. கழுத்தருகே இரண்டு நீலக் கண்கள் இருக்கும். பயமுறுத்தும், கடிக்காது. கையால் எடுத்துத் தூரப் போடுங்கள். ஒன்றிரண்டுக்காக மருந்து வாங்க வேண்டாம்.

கேட்டோரம் உருண்டையாக வெட்டிவிட்ட பைகஸில் இலைகள் பர்ஸ் போல மடிந்திருந்தால், பிரித்துப் பாருங்கள், உள்ளே கருத்த ஒல்லி இலைப்பேன் இருக்கும். மடிப்புக்குள் தெளிப்பு போகாது. கத்தரித்துப் பையில் கட்டுவதே வழி.

இலை மேல் மணல் தூவியது போல வெளிறி, வெள்ளைத் தாளில் தட்டினால் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அது செம்பேன். எட்டுக்கால், பூச்சி இனமே இல்லை. இமிடாகுளோபிரிட் அதற்கு ஏறாது, சில சமயம் இன்னும் பெருகும். நனையும் கந்தகம் 80 சதவீதம், 2 கிராம் ஒரு லிட்டருக்கு. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், எண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

இட்லிப்பூவின் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதற்குப் பூச்சி மருந்து தேட வேண்டாம். களிமண்ணில் தண்ணீர் தேங்குவதாலோ காரத் தண்ணீராலோ வரும் இரும்புச் சத்துக் குறை அது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம் ஒரு லிட்டருக்குக் கலந்து சாயங்காலம் தெளியுங்கள், தண்ணீர் வடிய வாய் வெட்டிவிடுங்கள். யூரியாவை அள்ளிப்போட்டுத் தளதளவென்று கொழுந்து விட வைப்பதையும் நிறுத்துங்கள். மாவுப்பூச்சிக்கு அது விருந்து.

நர்சரியில் வாங்கும் புதுச் செடியைப் பதினைந்து நாள் தள்ளி வைத்து, தொட்டியின் அடித்துளையில் எறும்பு போகிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய செடிகளோடு சேருங்கள்.